நாற்பதுக்கு ஒன்று குறைவு

நம் பள்ளிப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பெர்த்திலிருந்து சங்கச் செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். பள்ளி என்றதும் மற்றவர்கள் ஆசிரியர்களைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நம் பள்ளி வாசலையே மிதிக்காத ஒரு பெண். சிங்கப்பூர் நீச்சல் வீராங்கனை பேட்ரிஷியா சான். பத்திரிகையில் வந்த அவர் படத்தைச் சோற்றுப் பருக்கை தேய்த்து என் மேசை மூடியின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். மூடியைத் திறந்தால் ஈரத்தலையோடு சிரிப்பார்.

1965 டிசம்பரில், சிங்கப்பூர் தனி நாடாகி நாலே மாதத்தில், கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்பப் போட்டியில் எட்டுத் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 11. எனக்கு ஐந்து. அதெல்லாம் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். அப்பாவே பயிற்சியாளர், உடன்பிறந்த பையன்களும் நீச்சல்காரர்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் என்றால் குழாயடி வாளி மட்டும்தான். போதாக்குறைக்கு என் ஜாதகத்தில் நீரில் கண்டம் என்று ஊர் ஜோசியர் எழுதி அனுப்பியிருந்தார். கடற்கரைக்குப் போனால்கூட அம்மா என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டேதான் நிற்பார்.

1973 செப்டம்பரில் அதே போட்டி நம் ஊருக்கே வந்தது. நாங்கள் இருந்த தோ பாயோவில் நான்கு உயர்மாடிப் புளோக்குகள் விளையாட்டாளர் கிராமமாக மாறின. நீச்சல் குளமும் அங்கேயே, புத்தம் புதுசு. டிக்கெட்டுக்குக் காசில்லை. நானும் எதிர் புளோக் தோழியும் பள்ளிச் சீருடையோடு சுவருக்கு வெளியே நின்றோம். ஒலிபெருக்கியில் பெயர்கள் கேட்கும், பிறகு ஒரு நொடி ஒன்றுமே கேட்காது, அப்புறம் கூரை பெயர்ந்து விழுகிற மாதிரி ஒரு கூச்சல். யார் ஜெயித்தார் என்பதைக் கூச்சலின் அளவை வைத்தே முடிவு செய்வோம். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

அந்த முறை அவருக்கு ஆறு தங்கம். ஐந்து போட்டிகளில் மொத்தம் 39. அதோடு 19 வயதில் ஓய்வு!

வகுப்பில் இதற்குப் பெரிய சண்டையே நடந்தது. இன்னும் ஒன்று வாங்கி நாற்பதாக்கியிருக்கலாமே என்பது என் கட்சி. எட்டு வருஷமாக விடிந்தும் விடியாமலும் குளத்தில் குதித்தவருக்குத் தூக்கம் வேண்டாமா என்பது தோழியின் கட்சி. சத்தம் கேட்டு வந்த கணக்கு டீச்சர் யாரையும் திட்டவில்லை. கரும்பலகையில் 39ஐ 5ஆல் வகுக்கச் சொன்னார். 7.8 என்று வந்தது. “புள்ளி எட்டுத் தங்கம் எப்படி டீச்சர் வாங்குறது?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் குரல் யாருடையது என்று இதைப் படிக்கும்போது உங்களுக்கே தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்.

1978 பாங்காக் ஆசிய விளையாட்டில் இன்னொரு நம்மூர் நீச்சல்காரி ஜூனி சிங் 14 வயதில் இரண்டு தங்கம் வாங்கினார். அதே தென்கிழக்காசியப் போட்டிகளில் அவர் கணக்கு 38. மறுபடியும் நாற்பது வரவில்லை. அதற்குள் எனக்கு வேலை, கல்யாணம், பிள்ளைகள்.

2005இல் ஒரு ராத்திரி போன் அடித்தது. அதே தோழி. “வந்திருச்சுடி!” என்றாள். எது என்று கேட்கத் தோன்றவில்லை. மணிலாப் போட்டியில் ஜோசலின் இயோ நாற்பதாவது தங்கத்தை எடுத்துவிட்டார். 13 வயதில் பார்சிலோனா தொடங்கி நான்கு ஒலிம்பிக் போய் வந்தவர். சாதனை உடைந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் மேசை மூடிக்குள் இருந்த முகத்தை நினைத்து லேசாக ஒரு வருத்தமும் இருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள்.

அடுத்த மாதமே நீச்சல் வகுப்பில் பேர் கொடுத்தேன், 45 வயதில். அதே தோ பாயோ குளம். முதல் நாள் ஓரக் கம்பியைப் பிடித்துக் காலை உதறினேன். மூக்கில் தண்ணீர் ஏறிக் கண்ணெல்லாம் சிவந்தது. மேலே படிக்கட்டில் அம்மா, மடியில் துண்டும் பிளாஸ்கில் மைலோவுமாக உட்கார்ந்திருந்தார்.

“ஜாதகம் என்னம்மா ஆச்சு?” என்று கேட்டேன்.

“எழுதினவனே போய்ச் சேந்துட்டான். நீ காலை நல்லா அடி.”