ஹார்ட்விக் ஹால்: இத்தனை கண்ணாடியை எது தாங்குகிறது?

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஒரு மேட்டின் மேல் நிற்கும் மாளிகை இது. 1590-ல் வேலை தொடங்கி 1597-ல் குடிபுகுந்தார்கள். கட்டியவர் ‘பெஸ்’ என்ற ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத். வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்பது பரவலான கருத்து. “ஹார்ட்விக் ஹால், சுவரைவிடக் கண்ணாடிதான் அதிகம்” என்று ஒரு சொலவடையே உண்டு. அன்று கண்ணாடி யானை விலை. பெஸ்ஸுக்கோ சொந்தக் கண்ணாடிப் பட்டறையே இருந்தது.

சூட்சுமம் புகைபோக்கியில் இருக்கிறது. கணப்படுப்பை வெளிச்சுவரில் வைத்தால் அந்த இடத்தில் ஜன்னல் வராது. இங்கே புகைக்குழாய்களை வீட்டின் உள்ளே ஓடும் தடித்த சுவர்களுக்குத் தள்ளிவிட்டார்கள். பாரமும் பெரும்பாலும் உள்ளே போக, வெளிமுகம் ஜன்னலுக்கு விடுபட்டது. அப்படியும் எல்லாமே நிஜ ஜன்னல் இல்லை. வெளித்தோற்றம் சீராக இருக்கவேண்டும் என்று சிலவற்றைச் சுவருக்கு முன்னால் ஒப்புக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கள்ளத்தனம் பிடிக்கும்.

மேலே போகப் போக ஜன்னலின் உயரம் கூடும். காரணம், விருந்தினரை வரவேற்கும் பெரிய அறைகள் இரண்டாம் தளத்தில் உள்ளன. ஆறு கோபுரங்களின் உச்சியிலும் கல்லில் செதுக்கிய ‘இ.எஸ்.’ என்ற ஆங்கில முதலெழுத்துகள் தெரியும்.

ஒரு ஜன்னலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அகலமான ஒற்றைக் கண்ணாடி கிடையாது. சின்னச் சின்னத் துண்டுகளை இருபுறமும் பள்ளம் உள்ள ஈயப் பட்டைகளில் செருகி, மூட்டுகளைப் பற்றவைத்து, இடுக்கில் மக்கு அடைத்த பலகம் அது. கல் சட்டங்களுக்குக் குறுக்கே ஓடும் இரும்புக் கம்பியில் அதைக் கட்டியிருப்பார்கள். இந்த மாதிரி ஜன்னல்களில் கெடுவது பெரும்பாலும் கண்ணாடி இல்லை, ஈயம்தான். வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, காற்று தள்ளத் தள்ளத் தளர்ந்து, பலகம் தொப்பை போடும். மக்கு உதிரும், மழைத்தண்ணீர் இறங்கும். இரும்புக் கம்பியின் நுனி துருப்பிடித்துப் பருத்தால் மணற்கல் சட்டமே பிளந்துவிடும். பலகத்தைக் கழற்றி, பழைய கண்ணாடியைக் காப்பாற்றி, புது ஈயம் போடுவதுதான் வழி. கம்பியை வெண்கலத்திலோ துருப்பிடிக்காத எஃகிலோ மாற்றலாம்.

வெளிச்சத்துக்கும் ஒரு விலை உண்டு. பைபிளில் வரும் வீரன் கிதியோனின் கதையைப் படமாக நெய்த 13 சுவர்ச்சீலைகளை 1592-ல் பெஸ் வாங்கினார்; அவை நீண்ட கூடத்தில் தொங்குகின்றன. அவற்றைச் செப்பனிடும் வேலை 24 ஆண்டு நடந்து 2023-ல்தான் முடிந்தது. சாயம் மேலும் வெளுக்காமலிருக்க, வெளிச்சத்துக்காகவே கட்டிய அந்தக் கூடத்தில் இப்போது ஜன்னல் மறைப்புகளை இறக்கி வைக்கிறார்கள்.