தீயணைப்பு நுரையும் இழப்பீட்டு வழக்குகளும்: மாமாவின் மகனுக்கு எழுதிய பதில்

தீயணைப்பு நுரையைக் கையாண்டு புற்றுநோய் வந்தவர்களுக்கு அமெரிக்க நிறுவனங்கள் கோடிக்கணக்கில் பணம் தருகின்றன, உடனே பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லும் காணொளி ஒன்று சில மாதங்களாக வாட்ஸ்அப்பில் சுற்றிவருகிறது. என் தாய்மாமா ஓர் எண்ணெய்க் கிடங்கின் தீயணைப்புக் குழுவில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். வேலையை விட்டுச் சில ஆண்டுகள் கழித்து அவருக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய் இருப்பது தெரியவந்து, கோயம்புத்தூரில் ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். அவருடைய மகன் அந்தக் காணொளியை எனக்கு அனுப்பி, "மச்சான், அப்பாவுக்கு இது கிடைக்குமா?" என்று கேட்டிருந்தான். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் நீதிமன்றத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருப்பதால், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துச் சொந்தங்கள் இப்படிப்பட்ட கேள்விகளையெல்லாம் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அவனுக்கு அனுப்பிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

கிடங்குகளிலும் விமான நிலையங்களிலும் 'ஏ டிரிபிள் எஃப்' என்று சொல்லப்படும் நுரைக் கரைசலைப் பற்றியது இந்த விவகாரம். பெட்ரோல் தீயின் மேல் வெறும் தண்ணீரை அடித்தால் தண்ணீர் அடியில் இறங்கிவிடும், எரியும் எண்ணெய் மேலே மிதந்தபடி பரவும். நூறு லிட்டருக்கு மூன்று அல்லது ஆறு லிட்டர் கரைசலைக் கலந்து அடித்தாலோ, நுரையிலிருந்து வடியும் நீர் எண்ணெயின் மேல் மெல்லிய படலமாகப் படர்ந்து ஆவியை அடைத்துவிடுகிறது. அந்தப் படலத்தை உண்டாக்குபவை ஃப்ளூரின் சேர்ந்த வேதிப்பொருள்கள். பிஎஃப்ஏஎஸ் என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகமும் 3எம் நிறுவனமும் 1960களில் இந்த நுரையை உருவாக்கின. 1967 ஜூலை 29 அன்று ஃபாரஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் பற்றிய தீயில் 134 பேர் மாண்ட பிறகு அது கப்பல்களிலும் படைத்தளங்களிலும் வேகமாகப் பரவியது. உயிர்களைக் காப்பாற்றிய பொருள்தான் அது என்பதையும் மறந்துவிடக் கூடாது. எந்தத் தீயணைப்பு வீரரும் அதைக் குறைத்துப் பேசி நான் கேட்டதில்லை.

கார்பனுக்கும் ஃப்ளூரினுக்கும் உள்ள பிணைப்பு எளிதில் அறுவதில்லை என்பதால், இந்தப் பொருள்கள் மண்ணிலும் கிணற்றிலும் இரத்தத்திலும் தங்கிவிடுகின்றன. அவற்றில் பிஎஃப்ஓஏ என்பதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் 2023 இறுதியில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. பிஎஃப்ஓஎஸ் என்பதை 'உண்டாக்கக்கூடும்' என்ற கீழ்ப்பிரிவில் வைத்தது. தீயணைப்புப் பணியையே அதே முகமை 2022இல் முதல் பிரிவில் வைத்துவிட்டது. புகை, கல்நார், டீசல் கரி என்று அதற்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஒருவருக்கு வந்த நோய்க்கு நுரைதான் காரணம் என்று சொல்வது இதனாலேயே கடினமாகிறது. நிறுவனங்களின் வக்கீல்களும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

அமெரிக்காவில் அந்தத் தொடர்பை நிறுவ முதலில் உதவியது நுரை வழக்கே அல்ல. மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் அருகே இருந்த டூபாண்ட் ஆலையிலிருந்து பிஎஃப்ஓஏ குடிநீரில் கலந்ததைப் பற்றிய வழக்கு 2004இல் சமரசமானபோது, அதன் ஒரு நிபந்தனையாக விஞ்ஞானிகள் மூவர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 69,000 பேரின் இரத்தமும் நோய் விவரமும் சேகரிக்கப்பட்டன. சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு நோய், பெருங்குடல் அழற்சி, மிகுந்த கொழுப்பு, கர்ப்பகால இரத்த அழுத்தம் ஆகிய ஆறுடனும் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று 2012இல் அந்தக் குழு முடிவு சொன்னது. சுமார் 3,500 பேரின் வழக்குகள் 2017இல் 67.1 கோடி டாலருக்கு முடிந்தன. ஊர் மொத்தமும் ஊசிக்குக் கை நீட்டியிராவிட்டால் இது நடந்திருக்காது என்பது என் கருத்து.

நுரை வழக்குகள் 2018 டிசம்பர் முதல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் நீதிபதி ரிச்சர்ட் கெர்கெல் முன் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. அவை பத்தாயிரத்தையும் தாண்டிவிட்டன. காணொளியில் வரும் பெருந்தொகைகள் இங்கிருந்து வந்தவை. 3எம் ஒப்புக்கொண்ட 1,030 கோடி டாலரும், டூபாண்டும் அதன் வழிவந்த நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட 118.5 கோடியும், நுரை தயாரித்த டைக்கோவின் 75 கோடியும் குடிநீர் வழங்கும் அமைப்புகளுக்கு உரியவை. தண்ணீரைச் சோதிக்கவும் வடிகட்டவும் தரப்படுபவை. நோயுற்ற எவருக்கும் அதில் பங்கு கிடையாது. தனிநபர்களின் வழக்குகளில் முதலாவதாக விசாரணைக்கு வரவிருந்த சிறுநீரகப் புற்றுநோய் வழக்குகள் 2025 அக்டோபரில், ஜூரிகள் அமரும் முன்பே சமரசத்தில் முடிந்தன. ஆகவே அவனுக்கு நான் முதலில் எழுதியது, அமெரிக்க மண்ணில் நுரையைத் தொடாத ஒருவருக்கு அந்த வழக்குகளில் இடமில்லை, ஆதார் எண்ணை எவருக்கும் அனுப்பாதே என்பதுதான்.

'அரசு கேட்ட தரத்தில் செய்து கொடுத்தோம், பொறுப்பு எங்களுடையதல்ல' என்று நிறுவனங்கள் சொன்ன வாதத்தை, விசாரணைக்கு முன்பே வழக்கை முடிக்கப் போதுமானதாக 2022இல் நீதிபதி ஏற்கவில்லை. அதைவிட என் மனத்தில் நின்றது வேறொன்று. அமெரிக்க விமானப்படையினரைப் பற்றி 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இரத்தத்தில் பிஎஃப்ஓஎஸ் கூடுதலாக இருந்தவர்களிடம் விரைப் புற்றுநோய் அதிகம் என்று கண்டது. நோய் வருவதற்கு முன்பே எடுத்து, பெயரும் தேதியும் எழுதி, உறைநிலையில் பாதுகாத்த இரத்தச் சீரம் இராணுவத்திடம் இருந்ததால்தான் அந்த ஆய்வு சாத்தியமானது. பிஎஃப்ஓஏ உடலில் பாதியாகக் குறைய இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும் என்பார்கள். மாமாவின் இரத்தத்தை இன்று சோதித்தால், அவர் நுரையில் நனைந்த காலத்தைப் பற்றி அது ஏறக்குறைய எதுவும் சொல்லாது.

நனைந்த காலம் என்று சொல்வது மிகையில்லை. 1944 பம்பாய்த் துறைமுக வெடிப்பின் நினைவாக ஏப்ரல் 14 தொடங்கி நடக்கும் தீயணைப்பு வாரத்தில், தட்டில் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி நுரை அடித்துக் காட்டுவார்கள். சித்திரை வெயிலில் முழங்கால் அளவு நுரைக்குள் பிள்ளைகள் விளையாட, அது வாய்க்கால் வழியே வயலுக்குப் போகும். குழுவில் இருந்தவர்கள் டிரம்மிலிருந்து கரைசலைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சி இறக்கியதாக மாமா சொல்கிறார். எந்தக் கம்பெனி டிரம், அதில் எந்த ஃப்ளூரின் பொருள் என்று கேட்டால், நீல டிரம் என்பதற்கு மேல் அவருக்கு நினைவில்லை. நோய் கண்ட மருத்துவர் பீடி உண்டா என்று கேட்டார். நுரையைப் பற்றிக் கேட்க அவருக்குக் காரணமும் இருந்திருக்காது.

இழப்பீடு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் தாலுக்காவில் பிளாச்சிமடை நினைவுக்கு வரும். 2000இல் தொடங்கி 2004இல் மூடப்பட்ட அங்கிருந்த கோகோ கோலா குளிர்பான ஆலையால் 216.26 கோடி ரூபாய் இழப்பு என்று 2010இல் உயர்மட்டக் குழு கணக்கிட்டது. தீர்ப்பாயம் அமைக்க 2011இல் கேரளச் சட்டமன்றம் மசோதாவும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லாமல் அது சட்டமாகவில்லை. காசர்கோட்டில் எண்டோசல்பான் பூச்சிமருந்து தெளித்த விவகாரம் அந்த அளவுக்கு மோசமாகவில்லை. பாதிக்கப்பட்டோருக்கு ஐந்து லட்சம் ரூபாய் தர 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, பணம் கைக்கு வர மேலும் பல ஆண்டுகள் இழுத்தது. ஆனாலும் அங்கே மருத்துவ முகாம் நடத்தித் தயாரித்த பட்டியல் இருந்தது. பட்டியலில் இருந்தவர் தனக்கு வந்த நோயைத் தனியாக நிரூபிக்கத் தேவைப்படவில்லை. கிடங்குத் தொழிலாளருக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை.

இனி நம் சட்டம். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், உயிரிழப்புக்கும் உடற்கேட்டுக்கும் பொறுப்பு சுமத்தும் 17ஆம் பிரிவில் 'தொழிலாளி அல்லாத' நபர் என்று கட்டம் கட்டிவிடுகிறது. எனவே மாமா பணியாற்றிய காலத்தில் நடப்பிலிருந்த 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். அதன் மூன்றாம் அட்டவணையின் 'பி' பகுதியில், ஹைட்ரோகார்பன்களின் நச்சு ஹாலஜன் சேர்மங்களால் வரும் நோய்கள் உள்ளன. ஃப்ளூரின் ஹாலஜன்தானே என்ற வாதம் எங்கள் வக்கீலுக்குப் பிடித்திருந்தது. ஆறு மாதம் தொடர்ந்து அந்த வேலையில் இருந்தால், மாறாக நிரூபிக்கும் சுமை முதலாளியின் தலையில் விழும் என்பது இதில் உள்ள பெரிய வசதி. ஆனால் பத்தாம் பிரிவைப் படித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். வேலையை விட்டு இரண்டு ஆண்டுகளுக்குள் அறிகுறி தென்பட்டால்தான் அதை விபத்தாகக் கொள்ளலாம் என்கிறது அது. பல ஆண்டுகள் பதுங்கியிருந்து வெளிப்படும் நோய்க்கு இரண்டு ஆண்டுக் கெடு வைத்தவர்கள், ஈயமும் பாதரசமும் போல விரைவில் முகம் காட்டும் நஞ்சுகளை மனத்தில் வைத்து எழுதியிருக்க வேண்டும். போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு என்ற ஒரு வரி மட்டும் மிஞ்சுகிறது.

அந்த வரியை நம்பித்தான் இப்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. மாமாவோடு வேலை செய்தவர்களின் பெயர், வேலை பார்த்த ஆண்டுகள், இப்போதுள்ள நோய் ஆகியவற்றை அவருடைய மருமகள் ஒரு நோட்டில் எழுதிவருகிறாள். இறந்தவர்கள் என்றால் மருத்துவச் சீட்டின் நகலையும் வாங்கிவைக்கிறாள். கிடங்கு பொதுத்துறையைச் சேர்ந்தது என்பதால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு கொடுத்திருக்கிறோம். அந்த ஆண்டுகளில் நுரைக் கரைசல் வாங்கிய பில்கள், ஒவ்வொரு டிரம்முக்கும் விற்பனையாளர் தந்த பாதுகாப்புத் தாள், பயிற்சிப் பதிவேடு ஆகிய மூன்றையும் கேட்டிருக்கிறோம். பழைய பதிவேடுகளை அழித்துவிட்டதாகப் பதில் வந்தால், அழித்ததற்கான உத்தரவின் நகலைக் கேட்டு அடுத்த மனுவையும் தட்டச்சு செய்து வைத்துவிட்டேன்.