கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்க்கரை வாண்டுகள்

மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் போகிற சாலையில் (வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை, சிவகங்கை மாவட்டத்தில் இருப்பது) 50 கிலோமீட்டர் போல வந்தால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பிரம்மாண்டமாக எதையும் கற்பனை செய்துகொண்டு வராதீர்கள். வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள், எல்லாம் சேர்த்து 38 ஹெக்டேர் சொச்சம், 1977-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் என்று வருடா வருடம் செய்தியில் வருமே, அது இந்தக் கொள்ளுக்குடிப்பட்டிதான்.

நான் போனது தை மாதம். கண்மாய்க்குள் நிற்கிற மரமெல்லாம் நத்தைகொத்தி நாரைகள், நடுநடுவே வக்கா, நீர்க்காகம். சத்தமில்லாத ஊர் என்று படித்துவிட்டுப் போனால் பறவைகள் போடுகிற கூச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. எச்ச நாற்றமும் உண்டு, அதை மட்டும் ஏனோ யாரும் எழுதுவதில்லை.

கரையில் நாலைந்து பிள்ளைகள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றார்கள். நானும் சும்மா இருக்காமல், மனிதர்களால் இயற்கைக்கு என்னப்பா கெடுதல் என்று கேட்டுவைத்தேன். ஒரு பையன் கையைக் கட்டிக்கொண்டு ஓசோன் படலம், தொழிற்சாலைப் புகை, கார்பன் டை ஆக்சைடு என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். சுற்றுமுற்றும் பார்த்தேன், கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு புகைபோக்கி இல்லை. சரி, இது பரீட்சைக்கான பதில் என்று விட்டுவிட்டேன்.

கேள்வியை நிறுத்தியதும்தான் பேச்சு வந்தது. "அண்ணே, அந்தக் கூட்டைப் பாருங்க, குஞ்சுக்கு இன்னும் அலகுல சந்து விழல" என்றாள் ஒரு சின்னப் பெண். வளர்ந்த நத்தைகொத்திக்கு அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், குஞ்சுக்கு அது கிடையாது, வளர வளரத்தான் வரும். நான் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டதை அவள் நிமிர்ந்து பார்த்தே தெரிந்துவைத்திருக்கிறாள். எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணி பாய்ந்தால் வயலுக்கு உரம் கொஞ்சமாகப் போட்டால் போதும் என்று இன்னொருவன். வரத்துக்கால் அடைத்துக்கொண்டால் தண்ணி வராது, தண்ணி இல்லை என்றால் மீனும் நத்தையும் இல்லை, அப்புறம் பறவை எதுக்கு வரும் என்று அவனே என்னைக் கேட்டான். கரையோரம் யாரோ போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் தட்டுகளைக் காட்டி, "இது எங்க ஊர்க்காரவுக போட்டதில்ல, பாக்க வர்றவுக போட்டது" என்றான். என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், இவர்கள் பேச்சில் மனுஷன் வெறுமனே கெடுக்கிறவனாக வரவில்லை. கண்மாயை வெட்டியதும் மனுஷன்தான், மடையைத் திறப்பதும் அவன்தான், குப்பை போடுவதும் அவன்தான். பாடப்புத்தகத்திலோ இயற்கை என்றால் மனுஷன் கைபடாத ஏதோ ஒன்று, கெடுதல் என்றால் எங்கோ தூரத்து ஆலைப்புகை. மழை பார்த்துப் பிழைக்கிற கண்மாய்க்கரையில் வளர்கிற பிள்ளைக்கு அது பொருந்துகிற மாதிரி எனக்குத் தெரியவில்லை.

வெடி இல்லாத தீபாவளி கஷ்டமாக இல்லையா என்றேன். பெரியவர்களிடம் கேட்டிருந்தால் பெருமையாக ஏதாவது சொல்லியிருப்பார்கள். இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வனத்துறையில் மிட்டாய் கொடுப்பார்கள் என்றது ஒன்று. "மிட்டாய்லாம் சரி, வெடிக்கணும்னா மாமா ஊருக்குப் போயிருவோம்ணே, அங்க பறவை இல்லேல்ல" என்றான் சைக்கிள்காரன். மாமா ஊர்ப் பறவைகளைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

போகிறவர்கள் மழை நன்றாகப் பெய்த வருடமாகப் பார்த்து, கார்த்திகையிலிருந்து தைக்குள் போங்கள். தொலைநோக்கி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் வாங்கிப் பார்ப்பார்கள், திருப்பித் தர நேரமாகும்.