கேர் வேலைக்கு வரலாமா என்று கேட்கும் ஊர்க்காரர்களுக்கு

பிரிட்டனில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் கேர் வேலையில் இருக்கிறேன். லீவில் பாலக்காடு பக்கம் எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "அங்கே கேர் வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கிறாங்களா கண்ணு?"

இல்லை. வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் வேலைக்கு ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22-இல் பிரிட்டிஷ் அரசு நிறுத்திவிட்டது. வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் யாராவது "இன்னும் வழி இருக்கு" என்று சொல்லிப் பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் போனது 2023-இல். கோயம்புத்தூரில் நர்சிங் படித்தவள், அங்கே முதியோர் இல்லத்தில் கேரர். கணவரும் மகளும் கூடவே வர முடிந்தது. என் சித்தி மகள் அடுத்த வருடம் வந்தாள். அதற்குள், 2024 மார்ச் 11 முதல், கேர் விசாவில் வருபவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்று சட்டம் மாறிவிட்டது. பையனைச் சித்தியிடம் விட்டுவிட்டுத்தான் வந்தாள். இப்போது வீடியோ காலில் அம்மா முகம் தெரிந்தால் அவன் எழுந்து வாசலுக்கு ஓடிவிடுகிறான். ஊரான் வீட்டுத் தாத்தா பாட்டிகளைக் குளிப்பாட்டிச் சோறூட்ட வருகிறவளிடம், உன் பிள்ளையை மட்டும் விட்டுவிட்டு வா என்கிறது ஒரு அரசு. இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை.

அந்த ஊர் மக்களுக்கும் கோபம் இருக்கிறது, அது நியாயமான கோபம். டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குப் போன் போட்டு வரிசையில் நிற்க வேண்டும். நமக்குப் பல்வலி வந்தால் அன்றைக்கே சித்தூரிலோ பொள்ளாச்சியிலோ காட்டிவிடுகிறோம். அங்கே அரசுத் திட்டத்தில் பல் டாக்டர் கிடைப்பதே கஷ்டம். இங்கிலாந்தில் மட்டும் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 2025-இல் 70 லட்சத்துக்கு மேல். எங்கள் இல்லத்துப் பாட்டி ஒருவரின் மகள், இடுப்பு ஆபரேஷனுக்குக் காத்திருந்தே ஊன்றுகோலுக்கு வந்துவிட்டார்.

இந்தக் கோபத்துக்கு அரசு காட்டும் வழிதான் தப்பு. டிவி பார்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர், "எங்கள் பணமெல்லாம் உங்கள் இந்தியாவுக்குத்தான் போகிறது" என்றார். இந்தியாவுக்கான நேரடி நிதியுதவி 2015-இலேயே நின்றுவிட்டது என்று பொறுமையாகச் சொன்னேன். நாட்டு வருமானத்தில் 0.7 சதவீதமாக இருந்த வெளிநாட்டு உதவியை 2021-இல் 0.5 ஆக்கினார்கள். 2027-க்குள் 0.3 ஆக்கப்போவதாகப் பிரதமர் கீர் ஸ்டார்மர் 2025 பிப்ரவரியில் அறிவித்தார். மிச்சமாகும் பணம் ராணுவத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு அல்ல. 2023-இல் அந்த உதவிப் பணத்தில் கால்வாசிக்கு மேல் பிரிட்டனுக்குள்ளேயே அகதிகளாக வந்தவர்களின் தங்குமிடத்துக்கும் மற்ற செலவுக்கும் போனது. அந்தத் தாத்தாவுக்கு இதை யாரும் சொல்லவே இல்லை.

அமெரிக்காவும் 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. எங்களோடு வேலை செய்யும் ஜிம்பாப்வே பெண், ஊரிலிருக்கும் அக்காவுக்கு அந்த உதவியில் வந்த எச்.ஐ.வி. மாத்திரை தொடர்ந்து கிடைக்குமா என்று பிரேக் நேரமெல்லாம் போனில் விசாரித்துக்கொண்டிருந்தாள். பெல் அடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

கேர் விசாவை நிறுத்தியதால் எந்த வரிசையும் குறையாது. உடம்பு தேறியும் வீட்டில் பார்க்க ஆளில்லாமல், முதியோர் இல்லத்தில் இடமில்லாமல், ஆயிரக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கிடக்கிறார்கள். அவர்கள் இறங்கினால்தான் அடுத்தவர் ஏற முடியும். அதற்குக் கேரர் வேண்டும்.

நாங்கள் போனபோது ஐந்து வருடத்தில் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை என்றார்கள். 2025 நவம்பரில் அரசு முன்வைத்த திட்டத்தில் கேர் வேலைக்காரர்களுக்கு அது பதினைந்து வருடம், ஏற்கெனவே வந்தவர்களுக்கும் சேர்த்து. மாதாமாதம் வரி பிடிக்கிறார்கள். கஷ்டம் வந்தால் அரசு உதவிப் பணம் கேட்க முடியாது. வெளிநாட்டு ஆட்களை எடுக்க வேலை கொடுத்தவருக்கு இருக்கும் லைசென்ஸ் போனால், 60 நாளில் விசாவுக்குப் பொறுப்பேற்கும் வேறு முதலாளியை, அதாவது ஸ்பான்சரை, தேட வேண்டும். 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் 470-க்கு மேற்பட்ட கேர் நிறுவனங்களின் லைசென்ஸ் ரத்தானது. தப்பு முதலாளியுடையது, தண்டனை பல லட்சம் கடன் வாங்கி வந்த பெண்ணுக்கு.

ஏற்கெனவே அங்கே இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். முறையான விசாவில் அங்கே வசிக்கும் இந்தியர்களுக்கு, காமன்வெல்த் நாட்டவர் என்பதால், பாராளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாவற்றிலும் ஓட்டு உண்டு. நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாது. ஆன்லைனில் சில நிமிடத்தில் பதிந்துவிடலாம். அப்புறம் உங்கள் தொகுதி எம்.பி.க்குக் கடிதம் எழுதுங்கள், ஷிப்ட் நேரம், பிரிந்திருக்கும் பிள்ளை, பதினைந்து வருடம் எல்லாவற்றையும் சேர்த்து. சித்தி மகள் பதிந்துவிட்டாள். கடிதத்தை இரண்டு பேரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.