பரு என்று நினைத்து நான் பட்ட பாடு

தோளிலும் மேல்முதுகிலும் சின்னச் சின்னதாகச் சிவந்த பொரிகள் கிளம்பியபோது வேர்க்குரு என்றுதான் நினைத்தேன். பவுடர் போட்டேன், போகவில்லை. சரி, பருதான் என்று நானே முடிவுகட்டி, வீட்டில் மிச்சம் கிடந்த ஆன்டிபயாட்டிக்கை விழுங்க ஆரம்பித்தேன். 2 வாரத்தில் மார்புக்கும் இறங்கிவிட்டது. அரிப்பில் தூக்கம் போனது. அதற்கென்று தடவிய ஸ்டீராய்டு க்ரீம் 3 நாள் சுகம் தந்தது, அப்புறம் முன்னைவிட அதிகமாகக் கிளம்பியது.

தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வலிக்குதா, அரிக்குதா?" அரிப்பு என்றதும் முதுகைக் காட்டச் சொன்னார். பரு என்றால் கரும்புள்ளியும் கலந்து, பெரிதும் சிறிதுமாக இருக்குமாம். எனக்கோ அச்சில் வார்த்தமாதிரி எல்லாம் ஒரே அளவு. ஒரு பொரியைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, மயிர்க்கால் அழற்சி, அதாவது முடி முளைக்கிற குழி சிவந்து வீங்குவது என்றார். இது பெரும்பாலும் ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவால் வருவது. எனக்கு வந்தது மலசீசியா என்ற ஈஸ்ட்டால், அதாவது ஒருவகைப் பூஞ்சையால். அது எல்லார் தோலிலும் எண்ணெய்ப் பசையை நம்பிச் சும்மா இருக்கிற ஒன்றுதான். அதற்குப் போட்டியான பாக்டீரியாவை ஆன்டிபயாட்டிக் கொன்றுவிட்டால், மயிர்க்காலுக்குள் அது பெருகிவிடும். அதாவது, காசு கொடுத்து நானே வளர்த்திருக்கிறேன்.

மருந்து, கீட்டோகோனசோல் ஷாம்பு. பொடுகுக்குப் போடுவதேதான், ஆனால் முதுகில் தேய்த்து 5 நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். நம் முதுகு நமக்கே எட்டாது என்பது அப்போதுதான் உறைத்தது. மாத்திரை கேட்டேன், கல்லீரலைப் பாதிக்கக்கூடியது, இது கேட்காவிட்டால் பார்க்கலாம் என்றுவிட்டார். உடம்புக்கு எண்ணெய் தடவுவதையும், வியர்த்த பனியனோடு உட்கார்ந்திருப்பதையும் நிறுத்தச் சொன்னார்.

தாடைக்குக் கீழே இருந்த பொரிகளையும் காட்டினேன். அது வேறு கதையாம்: ஒட்டச் சிரைப்பதால் முடி வளைந்து தோலுக்குள்ளேயே திரும்பிக் குத்துகிறது. முடி வளரும் திசையிலேயே, ஒட்ட இழுக்காமல் சிரைத்தாலே பாதி குறையும் என்றார். குறைந்தது. எதையும் கிள்ளக் கூடாது. வலியோடு பெரிதாகிற கட்டியோ காய்ச்சலோ வந்தால் உடனே வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

3 வாரத்தில் அரிப்பு நின்றது. கருந்தழும்பு மறையத்தான் மாதக்கணக்கானது. குணமாகிவிட்டதென்று ஷாம்புவை நிறுத்தினேன். 2 மாதத்தில் தோளில் மறுபடி அதே பொரி. இப்போது வாரம் ஒருமுறை விடாமல் தேய்க்கிறேன்.