சரி என்று தலையாட்டிய காலம்

பக்கத்து வீட்டுப் பிள்ளை நர்சிங் முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறாள். பி2 என்கிற மொழித் தேர்வு முடிந்ததும் ஜெர்மனிக்குக் கிளம்ப வேண்டியதுதான். அங்கே நர்சாக இருக்கும் நான் விடுமுறைக்குத் தக்கலை வந்திருப்பது தெரிந்ததும் நோட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். குளிர், சம்பளம், வீட்டு வாடகை எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. "வேற என்னக்கா கவனிக்கணும்?" என்றாள். அதற்கப்புறம்தான் நெடுநேரம் பேசினோம்.

ஒரே சொல்லுக்கு ஊருக்கு ஊர் பொருள் மாறுவது நமக்குத் தெரியாததல்ல. 1956 நவம்பர் 1 வரைக்கும் நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. அதனால் நம் பேச்சில் தண்ணீர் இன்றும் வெள்ளம்தான். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், விடுதியில் "குடிக்க வெள்ளம் வேணும்" என்று கேட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஆனால் அது தமிழுக்குள் நடந்தது, ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

ஜெர்மனியில் நான் வேலை பார்ப்பது தென்பகுதியில் ஒரு சிறு ஊர். முதல் வாரம் ஓய்வறையில் காபி வேண்டுமா என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டே "டாங்கே" என்றேன். நன்றி என்று பொருள். குடுவையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நீட்டுவதற்கு முன் கேட்கும்போது வெறும் நன்றி மட்டும் சொன்னால், அங்கே பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றால் ஆமாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கேட்கவும் மாட்டார்கள். நம் வீடுகளில் முதலில் வேண்டாம் என்பது மரியாதை, விடாமல் வற்புறுத்துவது அன்பு. எனக்கு யாரும் பிரியமாக இல்லை என்று அந்த வாரம் முழுவதும் மனசு கஷ்டப்பட்டது.

வழியில் பார்க்கிறவர்களிடம் "சாப்பிட்டியளா" என்று கேட்கும் பழக்கமும் கூடவே வந்திருந்தது. கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பதுபோல் பார்ப்பார்கள். ஆனால் மதியம் ஆனதும் வராந்தாவில் எதிர்ப்படுகிற எல்லோரும் ஒருவருக்கொருவர் "மால்ட்சைட்" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். சாப்பாட்டு வேளை என்று அர்த்தம். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் அந்த ஊர் கொஞ்சம் நம் ஊராகத் தெரிந்தது.

வேலை விஷயத்தைத்தான் அவளிடம் விரிவாகச் சொன்னேன். இங்கே நோயாளியோடு ஒரு பைஸ்டாண்டர் இருப்பார். கஞ்சி வாங்குவது, ஊட்டுவது, துடைத்துவிடுவது எல்லாம் அவர் பாடு. அங்கே குளிப்பாட்டுவதிலிருந்து ஊட்டுவது வரை நர்சின் வேலை. நாம் இங்கே தினமும் போடுகிற கேனுலாவை, அதாவது மருந்து ஏற்ற நரம்பில் குத்தும் ஊசிக்குழாயை, அங்கே பெரும்பாலும் டாக்டர்தான் போடுவார். படித்த படிப்பெல்லாம் வீணா என்று அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். நானும் அழுதேன்.

அப்படி இருந்த நாட்களில் ஒருநாள், காலையில் ஷிப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கிற ஹேண்டோவரில் இன்சார்ஜ் நர்ஸ் அந்த ஊர்ப் பேச்சில் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒரு தாத்தாவுக்கு அன்று எண்டோஸ்கோபி. வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. "புரிந்ததா?" என்று கேட்டார். "யா" என்று தலையாட்டினேன். கொஞ்ச நேரத்தில் காலை உணவுத் தட்டு வந்தது. தாத்தா பசியில்லை என்றார். என் சொந்தத் தாத்தாவிடம் கெஞ்சுவதுபோல் கெஞ்சி, இரண்டு துண்டு ரொட்டியை வெண்ணெய் தடவி ஊட்டிவிட்டேன். பரிசோதனை மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அவர் இன்னொரு காலை பட்டினி கிடக்க வேண்டியதாயிற்று. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

இன்சார்ஜ் தனியே கூப்பிட்டார். நான் ரொட்டி கொடுத்ததைவிட, புரியாமல் ஆமாம் என்றதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஜெர்மனையெல்லாம் சேர்த்து அவரிடம் விளக்கினேன். எங்கள் ஊரில் பெரியவர் பேசி முடித்ததும் சரி என்போம். நீங்கள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டேன், உங்களை மதிக்கிறேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். புரியவில்லை என்றால் சொல்லித்தந்தவரைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடும். அவர் பொறுமையாகக் கேட்டார். அங்கே "யா" என்றால் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன் என்று பொருள் என்றார். மறுநாளிலிருந்து அவர் என்னிடம் புரிந்ததா என்று கேட்கவே இல்லை. "இப்போது என்ன செய்யப் போகிறாய், சொல்" என்றுதான் கேட்டார். நானும் கையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, தெரியாத சொல்லை அங்கேயே நிறுத்திக் கேட்டேன். முதல் சில நாள் வாய் எழவில்லை. அப்புறம் பழகிவிட்டது.

பிறந்தநாள் வாழ்த்தை முன்கூட்டியே சொல்லிவிடாதே, அங்கே அது கெட்ட சகுனம் என்பதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். இருட்டும் முன் கிளம்பிப் போனாள்.

அன்று இரவு அம்மா மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளைக் கறி வைத்திருந்தாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றாவது தடவை கரண்டியோடு வந்தபோது, "போதும்மா" என்று தட்டை நகர்த்தி வைத்தேன். வயிறு நிறைந்துவிட்டது, உள்ளதைச் சொன்னேன், அவ்வளவுதான். அம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"கறி நல்லா இல்லியா மக்களே?"

தட்டைத் திரும்ப நீட்டினேன்.