பிரிட்டன் மாணவர் விசா: பணக் கணக்கில்தான் எல்லாம்

பிரிட்டன் மாணவர் விசாவுக்கு 70 புள்ளி வேண்டும். பல்கலைக்கழகம் சேர்க்கையை உறுதிசெய்து தரும் காஸ் (CAS) எண்ணுக்கு 50, ஆங்கிலத்துக்கு 10, பணத்துக்கு 10. முதல் இரண்டையும் சீட் கொடுக்கும்போதே பல்கலைக்கழகம் பெரும்பாலும் பார்த்துவிடும். நம் தலையில் விழுவது கடைசிப் பத்துப் புள்ளி. எங்கள் வீட்டு விண்ணப்பத்தில் பாதி உழைப்பு அதற்கே போனது, அதனால் அதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எவ்வளவு காட்ட வேண்டும் என்று பாருங்கள். முதலாண்டுப் படிப்புக் கட்டணத்தில் கட்டியது போக மீதி, அதோடு 9 மாத வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பர் 11-லிருந்து மாதத்துக்கு லண்டனில் 1,529 பவுண்டு, லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்டு. கட்டணம் 18,000 பவுண்டு, முன்பணம் 5,000 கட்டியாயிற்று, ஊர் லீட்ஸ் என்று வைத்துக்கொண்டால் 13,000 + 10,539 = 23,539 பவுண்டு. பவுண்டு 120 ரூபாய் என்று போட்டால் 28 லட்சத்து 25 ஆயிரத்தை ஒட்டி வரும். மாற்று விகிதத்துக்கு விசா அதிகாரிகள் பார்ப்பது ஓஆண்டா இணையதளத்தை, அதுவும் விண்ணப்பத் தேதியன்று உள்ள விகிதத்தை. நம் பேங்க் சொல்லும் விகிதம் செல்லாது. ஒன்றரை லட்சமாவது கூடுதலாக வைப்பது நல்லது. கட்டிய முன்பணம் காஸில் ஏறியிருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். ஏறவில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் ரசீது வேண்டும். பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதிக்குக் கட்டிய பணத்தில் 1,529 பவுண்டு வரை கழித்துக்கொள்ளலாம். தனியார் விடுதிக்குக் கட்டியது ஒரு பைசாகூடக் கழியாது.

அடுத்தது 28 நாள். அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. சராசரி இருப்பு எவ்வளவு என்பது பேச்சே இல்லை. அந்த 28 நாளில் எந்த நாள் இருப்பு மிகக் குறைவோ, அதுதான் கணக்கு. ஸ்டேட்மென்டின் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அந்தக் கடைசித் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத் தேதி என்பது ஆன்லைனில் விசா கட்டணம் கட்டிய நாள், கைரேகை கொடுக்கப் போகும் நாள் அல்ல. பணம் ஜூலை 3-ல் முழுசாக ஏறியது என்றால் ஜூலை 30 வரை 28 நாள். ஜூலை 30-ல் முடியும் ஸ்டேட்மென்டை வைத்து ஆகஸ்ட் 30-க்குள் கட்டணம் கட்டிவிட வேண்டும்.

கெடுவது எங்கே? அப்பாவின் சம்பளக் கணக்கையே காட்டும்போது. ஐந்தாம் தேதி வீட்டுக்கடன் இஎம்ஐ தானாகப் போகும், பதினைந்தாம் தேதி எல்ஐசி பிரீமியம் போகும், நடுவில் யாரோ ஜிபேயில் மளிகைக் கடைக்கு அனுப்புவார்கள். இருப்பு ஒரே ஒரு நாள் தேவைக்கு மூவாயிரம் குறைந்தாலும் நிராகரிக்க அது போதும், மறுநாளே ஐந்து லட்சம் போட்டிருந்தாலும் சரி. எனவே கார்டு, யுபிஐ, ஆட்டோ டெபிட் எதுவும் இணைக்காத தனிக் கணக்கில் பணத்தைப் போட்டு, அதைத் தொடாமல் விட்டுவிடுவதே சரி. நடுவில் வட்டி ஆசையில் எஃப்டிக்கு மாற்றினால் சேமிப்புக் கணக்கில் பெரிய பள்ளம் தெரியும். அப்புறம் எஃப்டி தொடங்கிய தேதியும், வேண்டும்போது எடுக்கலாம் என்பதும் எழுதிய பேங்க் கடிதத்தைத் தேடி ஓட வேண்டியிருக்கும். பிஎஃப், மியூச்சுவல் ஃபண்டு, ஷேர், நகை, நிலம், சீட்டுப் பணம் எதுவும் ஏற்கப்படாது. கூட்டுறவு வங்கிக் கணக்கையும் தவிர்த்துவிடுவேன், சரிபார்ப்பில் சிக்கல் வரலாம். ஸ்டேட்மென்டை நெட் பேங்கிங்கில் எடுத்தாலும் கிளையில் சீல், கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கணக்கு யார் பெயரில் இருக்கலாம்? மாணவர் பெயரில், அல்லது அப்பா, அம்மா, சட்டப்படியான காப்பாளர் பெயரில். சித்தப்பா, தாய்மாமா, அண்ணன் கணக்கெல்லாம் செல்லாது. மாமா உதவுகிறார் என்றால் பணம் நம் கணக்குக்கு வந்து, அதன் பிறகு 28 நாள் கிடக்க வேண்டும். பெற்றோர் கணக்கு என்றால் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் சேர்க்க வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இங்கேதான் இன்னொரு முடிச்சு. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ‘எஸ். முருகன்’, பாஸ்போர்ட்டில் ‘முருகன் சுப்பையா’, பேங்கில் ‘முருகன் எஸ்’. மூன்றும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்று சேர்த்துவிடுங்கள். பழைய சான்றிதழ்களில் குழந்தையின் பெயரே ஏறாமல் இருப்பதுண்டு. அதைப் பதிவு அலுவலகத்தில் சேர்த்து வாங்க நாளாகும், முதலில் அதைப் பாருங்கள். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும்.

கல்விக் கடனுக்கு இந்த 28 நாள் கிடையாது. என்னைக் கேட்டால், கடன் எப்படியும் வாங்கப் போகிறவர்களுக்கு அதுவே சுலபமான வழி. ஆனால் பேங்க் வழக்கமாகத் தரும் சாங்ஷன் லெட்டரை அப்படியே வைத்தால் போதாது. கடிதம் விண்ணப்பத்துக்கு முந்தைய 6 மாதத்துக்குள் தேதியிட்டிருக்க வேண்டும். மாணவர் பெயர், தொகை, கல்விக் கடன் என்ற சொல் இருக்க வேண்டும். பணம் பயணத்துக்கு முன் கிடைக்கும், அல்லது நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் என்று எழுதியிருக்க வேண்டும். விசா கிடைப்பதைத் தவிர வேறு நிபந்தனை இருக்கக் கூடாது. ‘அடமானப் பத்திரம் பதிந்த பிறகே பணம் விடுவிக்கப்படும்’ என்ற ஒரு வரி போதும், கடிதம் வீண். அடமான வேலையை முன்பே முடித்துவிட்டு, விசாவுக்கென்று தனிக் கடிதம் கேளுங்கள். மேனேஜர் முதலில் தலையைச் சொறிவார், மாதிரி எழுதிக் கொண்டுபோனால் டைப் செய்து தருவார்.

மற்றவை சுருக்கமாக. ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதால் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் டிபி பரிசோதனை உண்டு, சான்றிதழ் 6 மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் சளி கல்ச்சர் (சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுப்பார்கள், முடிவு வர எட்டு வாரம்வரை ஆகலாம். அதனால் காஸுக்காகக் காத்திராமல் முதலிலேயே போய்விடுங்கள். விசா கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுண்டு ஆனது. அவ்வப்போது ஏறும், கட்டும் அன்று பாருங்கள். மருத்துவக் கட்டணமான ஐஎச்எஸ் ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டு முதுகலைக்கு விசா படிப்பு முடிந்து 4 மாதம் கூடுதலாகத் தரப்படுவதால், ஒன்றரை ஆண்டாகக் கணக்கிட்டு 1,164 பவுண்டு கட்ட வேண்டிவரும். இந்த இரண்டையும் கையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

காஸ் வந்ததும் பாஸ்போர்ட் எண், பெயர், பிறந்த தேதி, படிப்பு தொடங்கும் தேதி எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் கட்டணம் கட்டும் முன்பே பல்கலைக்கழகத்துக்கு மெயில் போடுங்கள். சிலரை வீடியோ நேர்காணலுக்கு அழைப்பார்கள். ஏன் இந்தப் படிப்பு, பாடங்கள் என்னென்ன, கட்டணம் எவ்வளவு, பணம் எங்கிருந்து வந்தது என்பது மாதிரிக் கேள்விகள்தான். திடீரென ஏறிய பெரிய தொகைக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். நிலம் விற்றது என்றால் பத்திர நகல் கையில் இருக்கட்டும்.

கைரேகை கொடுத்தபின் வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு வரும். 2025 ஜூலை 15-க்குப் பிறகு விண்ணப்பித்த மாணவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் இல்லை, இணையத்தில் மட்டும் இருக்கும் இ-விசாதான். பிரிட்டன் விசாத் துறையான யுகேவிஐ-யின் இணையக் கணக்கைத் திறந்து, விசாவின் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, பாஸ்போர்ட் எண் சரியா என்று பார்த்த பிறகே டிக்கெட் போடுங்கள். படிப்பு தொடங்குவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால் உள்ளே விடமாட்டார்கள்.

நிராகரித்தால் ஐஎச்எஸ் திரும்ப வரும், விசா கட்டணம் வராது. அதிகாரி தவறாகக் கணக்குப் போட்டிருந்தால் 28 நாளுக்குள் 80 பவுண்டு கட்டி மறுபரிசீலனை கேட்கலாம். தவறு நம் ஸ்டேட்மென்டில் என்றால் அதில் பயனில்லை. பல்கலைக்கழகத்தில் புதுக் காஸ் கேட்டு, 28 நாளை முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். செப்டம்பர் சேர்க்கைக்கு ஜூன் கடைசியிலேயே பணத்தைக் கணக்கில் ஏற்றிவிட்டால், அப்படி ஒரு சுற்று போனாலும் வகுப்புக்குப் போய்ச் சேர ஓரளவு நேரம் இருக்கும்.